இறந்த குழந்தைக்கு எதற்குத் தலையணை?

கேட்கப்பட்ட கேள்வி இது: "கடவுள் நம்பிக்கையும் மறுமை நம்பிக்கையும் சாவு பயத்தில் பிறந்தவைதானே? இறந்த பிறகு ஏதோ இருக்கிறது என்று நீங்கள் நம்புகிறீர்களா?"

முதல் பாதிக்கு என் பதில்: பயத்தில் பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் பாதிக்கு: நான் நம்பவில்லை. இந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்பவர்கள் குறைவு. நம்பாதவர்கள் பெரும்பாலும் 'எல்லாம் பயம்' என்று முடித்துவிடுவார்கள். நம்புகிறவர்கள் அதைக் கேட்டு மனம் நொந்து எழுந்து போய்விடுவார்கள். அதனால்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு 9 வயதில் என் தம்பி இறந்தான். அவனுக்கு 6 வயது. காய்ச்சல் என்று படுத்தவன் ஐந்தாம் நாள் எழுந்திருக்கவில்லை. அவனைப் புதைத்து மூன்று நாளோ நான்கு நாளோ ஆகியிருக்கும், இரவு நல்ல மழை. எல்லாரும் படுத்திருந்தோம், யாரும் தூங்கவில்லை. நான் அம்மாவிடம் கேட்டேன்: "தம்பி நனைய மாட்டானாம்மா?" அம்மா பதில் சொல்லவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

தம்பி இறந்துவிட்டான் என்று எனக்குத் தெரியும். செத்தவர்களுக்குக் குளிராது என்பதும் அந்த வயதில் தெரியாமல் இருந்திருக்காது. இருந்தும் கேட்டேன். சாவைக் கண்டு எனக்குப் பயம் இல்லை. நானும் ஒருநாள் சாவேன் என்ற எண்ணமே அப்போது கிடையாது. மழை பெய்தது, தம்பி வெளியே இருந்தான். அவ்வளவுதான். மத நம்பிக்கையின் தோற்றத்தைப் பற்றி அதன்பிறகு எவ்வளவோ படித்துவிட்டேன். அந்த இரவின் கேள்வியைத் தொடாத எந்த விளக்கமும் எனக்கு முழு விளக்கமாகப் படவில்லை.

கென்யாவின் கடற்கரையை ஒட்டிய மேட்டு நிலத்தில் பாங்கா யா சைதி என்றொரு குகை இருக்கிறது. சுமார் 78,000 ஆண்டுகளுக்கு முன் அதற்குள் ஒரு குழந்தையைப் புதைத்திருக்கிறார்கள். இரண்டரை, மூன்று வயது இருக்கும். ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஆப்பிரிக்காவில் நம் இனத்து மனிதர்கள் தம்மவர் ஒருவரை வேண்டுமென்றே புதைத்ததற்குக் கிடைத்த மிகப் பழைய சான்று இதுதான். ஆய்வாளர்கள் அந்தக் குழந்தையை 'ம்டோட்டோ' என்று அழைக்கிறார்கள். சுவாஹிலி மொழியில் அதற்குக் 'குழந்தை' என்றே பொருள். எலும்புகள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்ததால், மண்ணோடு ஒரே கட்டியாகப் பெயர்த்தெடுத்து ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பிரித்தார்கள். குழந்தை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தது, முழங்கால்கள் மார்பை நோக்கி மடங்கியிருந்தன. எலும்புகள் சரிந்திருந்த விதத்திலிருந்து இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. உடலின் மேற்பகுதியை எதைக் கொண்டோ இறுகச் சுற்றியிருக்கிறார்கள். தலைக்கடியில் மக்கிப்போகக்கூடிய ஏதோ ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது மக்கியதும் தலை ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. அதாவது, தலையணை.

இதைப் படித்தபோது என்னால் அடுத்த பத்திக்குப் போக முடியவில்லை. 78,000 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர், இறந்துபோன குழந்தையின் தலை வெறும் மண்ணில் படக்கூடாது என்று நினைத்திருக்கிறார். அந்தக் கைக்கு மறுமைக் கொள்கை எதுவும் தேவைப்பட்டிருக்காது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. என் அம்மா மருத்துவமனையில் இறந்தபோது நானும் அதையேதான் செய்தேன். மூச்சு நின்றுவிட்டது என்று செவிலியர் சொல்லி ஓரிரு நிமிடம் ஆகியிருக்கும். தலையணை ஒரு பக்கமாக நழுவியிருந்தது. அதை நேராக்கி, தலையைத் தூக்கி, கழுத்து வலிக்காதபடி வைத்தேன். 'வலிக்காதபடி' என்றுதான் அப்போது மனதில் ஓடியது. மறுமையை நம்பாத நான்தான் இதைச் செய்தேன்.

கை முந்திக்கொள்கிறது, கொள்கை பின்னால் வருகிறது. நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகச் சொல்கிறோம்: மனிதன் ஆன்மா இருப்பதாக நம்பினான், அதனால் இறந்தவர்களைப் பத்திரமாகப் புதைத்தான் என்று. முதலில் பத்திரமாகப் புதைத்தான், 'யாருக்காக இதைச் செய்தோம்' என்ற கேள்வி பிறகு எழுந்தது, அதற்குச் சொல்லிப் பார்த்த பதில்தான் ஆன்மா என்று எனக்குப் படுகிறது.

பழைய புதைகுழிகளில் ஆசைப்பட்டதையெல்லாம் பார்த்துவிடும் அபாயமும் உண்டு. ஈராக்கின் ஷானிதார் குகையில் 1960இல் கிடைத்த நியாண்டர்தால் (நமக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனம்) எலும்புக்கூட்டைச் சுற்றி ஏராளமான மகரந்தத் துகள்கள் இருந்தன. பூக்களைத் தூவிப் புதைத்தார்கள் என்று அதைத் தோண்டியெடுத்த ஆய்வாளர் ரால்ஃப் சொலெக்கி எழுதினார். உலகமே அதைக் காதலித்தது. வளை தோண்டும் எலிகளோ, மண்ணில் கூடு கட்டும் தேனீக்களோ மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். அதனால் அந்தப் பூக்களை நான் சாட்சிக்கு அழைப்பதில்லை. ரஷ்யாவின் சுங்கிரில் அப்படிச் சந்தேகப்பட இடமில்லை. சுமார் 34,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே இரண்டு சிறுவர்களைத் தலையோடு தலை சேரும்படி கிடத்திப் புதைத்திருக்கிறார்கள். அவர்களோடு மாமத யானையின் தந்தத்தில் செதுக்கிய 10,000க்கும் மேற்பட்ட மணிகள். ஒவ்வொரு மணியையும் ஒருவர் உட்கார்ந்து தேய்த்துத் துளையிட்டிருக்கிறார். வேட்டையாடி வயிறு வளர்த்த மக்களின் ஆயிரக்கணக்கான மணிநேர உழைப்பு, திரும்பி வராத இருவரோடு மண்ணுக்குள் போயிருக்கிறது.

துக்கம் மனிதனுக்கு மட்டும் உரியதல்ல. 2018இல் பசிபிக் கடலில் ஒரு ஓர்க்கா திமிங்கலம் தன் இறந்த கன்றை 17 நாட்கள் தலையால் தாங்கிக்கொண்டே நீந்தியது. கினியாவின் போசூ காட்டில் சிம்பன்சித் தாய்கள், இறந்த குட்டி உலர்ந்து தோலாகிவிட்ட பிறகும் வாரக்கணக்கில் சுமந்து திரிந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். விடமாட்டேன் என்ற பிடி அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் ஒருநாள் அந்தத் தாய் குட்டியைக் கீழே விட்டுவிட்டுப் போகிறது. மனிதத் தாய் கையிலிருந்து விட்ட பிறகும் பேசுவதை விடுவதில்லை. அந்தப் பேச்சு தொடர வேண்டுமானால், கேட்கிற ஒருவர் எங்காவது இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் மொழி ஒன்று சொல்கிறது. 'நம்பு' என்ற சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருள், உண்மை என்று ஏற்றல். தொல்காப்பியத்தின் உரியியலில் 'நம்பு', 'மேவு' ஆகிய சொற்களுக்குத் தந்திருக்கும் பொருள் நசை, அதாவது விருப்பம். நம்புதல் என்றால் முதலில் விரும்புதல்! வேறு மொழிகளிலும் இப்படியே. 'சிரத்தை' என்ற வடசொல்லும், கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கும் 'கிரேதோ' என்ற லத்தீன் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. 'நெஞ்சை வைத்தல்' என்பது அந்த வேரின் பொருள் என்பார்கள் மொழியியலாளர்கள். நம்பிக்கை என்பது தலைக்குள் இருக்கும் ஒரு தகவல் என்ற எண்ணம் பிற்காலத்தது. அது ஒன்றின்மேல் நெஞ்சை வைப்பது. உங்கள் பாட்டியிடம் போய் 'ஆதாரம் என்ன' என்று கேட்டால் அவர் விழிப்பதற்குக் காரணம் இதுதான். நீங்கள் தகவலைப் பற்றிக் கேட்கிறீர்கள், அவர் நெஞ்சு வைத்த இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஆசைப்பட்டால் போதுமா, அதற்கேற்ற மனமும் வேண்டாமா? மனிதனுக்கு அந்த மனம் வாய்த்திருக்கிறது. 1944இல் ஹைடர், சிம்மெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்னப் படம் தயாரித்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம். மூன்றும் ஒரு செவ்வகத்தைச் சுற்றி நகர்கின்றன. பார்த்தவர்களிடம் என்ன கண்டீர்கள் என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாருமே ஒரு கதை சொன்னார்கள்: பெரியது முரடன், வட்டம் பயந்து ஒளிகிறது, சின்னது அதைக் காப்பாற்ற வருகிறது. கோடுகளுக்கே உள்ளம் தந்துவிடும் இயல்பு நமக்கு. புதரில் சலசலப்பு கேட்டால் 'காற்று' என்று நினைப்பதைவிட 'யாரோ' என்று நினைப்பவன் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த 'யாரோ' நமக்குள் தங்கிவிட்டார் என்று பலர் விளக்குகிறார்கள். இடியிலும் ஆற்றிலும் நோயிலும் ஓர் எண்ணத்தை, ஒரு கோபத்தை, ஓர் அருளைப் பார்க்கும் வழி இதிலிருந்துதான் திறந்திருக்க வேண்டும். அந்த யாரோவுக்கு நம் முகத்தையே வரைகிறோம் என்பதைக் கிரேக்கரான செனோபனீஸ் கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்: குதிரைகளுக்குக் கை இருந்தால் அவை குதிரை வடிவில்தான் தெய்வங்களை வரையும் என்று. கனவும் சேர்ந்துகொண்டது. நேற்றுப் புதைத்தவர் இன்றிரவு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனால், அவர் எங்கோ இருக்கிறார் என்று நினைப்பதில் என்ன பிழை? 1871இல் மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் ஆன்மா என்ற எண்ணத்தையே பெரும்பாலும் கனவிலிருந்து விளக்கினார். கொஞ்சம் அறிவுஜீவித்தனமான விளக்கம், ஆதிமனிதன் உட்கார்ந்து தத்துவம் யோசித்ததுபோல. ஆனாலும் முழுக்கத் தள்ள முடியவில்லை.

என்னை நிற்க வைத்த ஆய்வு வேறொன்று. 2004இல் ஜெஸ்ஸி பெரிங், டேவிட் பியார்க்லண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு பொம்மலாட்டம் காட்டினார்கள். ஒரு குட்டி எலி வழி தவறிவிடுகிறது. பசி, தூக்கம், அம்மாவை நினைத்து ஏக்கம். கடைசியில் ஒரு முதலை அதைத் தின்றுவிடுகிறது. எலி இப்போது உயிரோடு இல்லை என்று குழந்தைகள் ஒப்புக்கொண்ட பிறகு கேள்விகள் தொடங்கின. அது இனிச் சாப்பிட வேண்டுமா? பெரும்பாலும் 'வேண்டாம்'. மூளை வேலை செய்யுமா? 'செய்யாது.' அதற்கு இன்னும் அம்மாமேல் பாசம் இருக்குமா? 'இருக்கும்.' உடல் நின்றுபோனதை ஏற்றுக்கொண்ட அதே குழந்தைகள் பாசமும் நின்றுபோனது என்பதை ஏற்கவில்லை. அதிலும் மிகச் சிறியவர்களிடம்தான் இது கூடுதலாக இருந்தது. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்து வந்த நம்பிக்கை என்றால் வயது ஏற ஏறக் கூடியிருக்க வேண்டும், இங்கே நேர்மாறு. மழை இரவில் நான் கேட்டதை ஆய்வுக்கூடத்தில் வேறு குழந்தைகள் சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்தபோது நான் அழுதேன். அறிவுக்குப் பெரிய வெளிச்சம் வந்ததால் அல்ல. நான் தனியாக இல்லை என்று 40 வருஷம் கழித்துத் தெரிந்ததால்.

சரி, பயத்துக்கு வருகிறேன். பயம்தான் காரணம் என்றால், பயந்தவன் தனக்கு ஆறுதலான ஒரு மறுவுலகத்தைக் கற்பனை செய்திருக்க வேண்டும். எழுத்தில் நமக்குக் கிடைக்கும் பழைய மறுவுலகங்களைப் பாருங்கள். மெசபடோமியர்களின் பாதாளத்தில் இருட்டு. இறந்தவர்களுக்கு உணவு புழுதி. பழைய எபிரேயர்களின் ஷியோல் ஒரு மௌனக் குழி. நல்லவனும் கெட்டவனும் அங்கேதான், கடவுளைப் புகழக்கூட அங்கே குரல் எழாது. ஹோமர் காட்டும் பாதாளத்தில் மாவீரன் அகிலீஸ் நிழலாக நின்று, இறந்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட நிலமில்லாத ஓர் ஏழையிடம் கூலியாளாக இருப்பதே மேல் என்கிறான். பயத்துக்கு மருந்தாக இப்படி ஒன்றை யார் தயாரிப்பார்கள்? இவை ஆறுதல் சொல்லவில்லை. 'அவர் இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை, ஆனால் அவர் இங்கே இல்லை' என்ற நிலையை அப்படியே வரைந்து வைத்திருக்கின்றன.

எதிர்ப்புறத்தில் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம். 1776 ஜூலையில் அவர் சாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் பார்க்கப் போனார், கடைசி நேரத்திலாவது இந்த நாத்திகர் மனம் மாறுவாரா என்று அறிய. ஹியூம் அமைதியாக இருந்தார். பிறப்பதற்கு முன் இல்லாமல் இருந்தது எப்படி என்னைத் துன்புறுத்தவில்லையோ, இனி இல்லாமல் போவதும் அப்படியே என்றார். கலங்கிப்போய் வெளியே வந்தவர் நம்பிக்கை உள்ள பாஸ்வெல்தான். நம்பிக்கை பயத்தைப் போக்கும் என்பதும் நம்பாதவன் நடுங்குவான் என்பதும் பொதுவிதி அல்ல. நரகம் என்று ஒன்று வந்த பிறகு நம்பிக்கையே பயத்துக்குக் கூடுதல் காரணமாகவும் ஆனது.

அந்தச் சொர்க்க நரகம் எப்படி வந்தது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மங்கலான நிழலுலகம், கணக்குப் பார்க்கும் உலகமாக மாறுகிறது. எகிப்தில் முதலில் கிடைக்கும் மறுமை மந்திரங்கள், கி.மு. 2350 வாக்கில், உனாஸ் என்ற மன்னனின் பிரமிடுக்குள் எழுதப்பட்டவை. அரசன் விண்ணேற வேண்டும் என்பதே அவற்றின் கவலை. பல நூற்றாண்டுகள் கழித்து அங்கே தராசு வருகிறது. ஒரு தட்டில் இறந்தவரின் இதயம், இன்னொரு தட்டில் மாஅத் என்ற நீதித் தெய்வத்தின் இறகு. இதயம் கனத்தால் பக்கத்திலேயே காத்திருக்கும் மிருகம் அதை விழுங்கிவிடும்.

யூதர்களிடம் நடந்தது இன்னும் கூர்மையானது. கி.மு. 167 வாக்கில் நான்காம் அந்தியோக்கஸ் என்ற அரசன் அவர்களுடைய மத வழக்கங்களைத் தடை செய்தான். கடவுளின் சட்டத்தை மீறியவர்களுக்குக் கேடு வரும், கடைப்பிடித்தவர்கள் நீடு வாழ்வார்கள் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. இப்போது கடைப்பிடித்தவர்களே அதற்காகக் கொல்லப்பட்டார்கள், விட்டுக்கொடுத்தவர்கள் பிழைத்தார்கள். கணக்கு இந்த உலகத்துக்குள் நேராகவில்லை. தானியேல் நூலின் பிற்பகுதி இந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. மண்ணில் உறங்குபவர்கள் விழித்தெழுவார்கள், சிலர் நிலையான வாழ்வுக்கு, சிலர் நிலையான இழிவுக்கு என்று எபிரேய வேதத்தில் ஐயமறச் சொல்லும் இடம் அதுதான். அதன் பிறகும்கூட சதுசேயர்கள் என்ற யூதப் பிரிவினர் உயிர்த்தெழுதலை ஏற்கவில்லை.

இந்திய மண்ணில் பிருகதாரண்யக உபநிடதத்தில் ஒரு காட்சி. ஆர்த்தபாகர் என்பவர் யாக்ஞவல்கியர் என்ற முனிவரிடம் கேட்கிறார்: ஒருவன் இறந்ததும் பேச்சு தீயில் சேர்கிறது, மூச்சு காற்றில், கண் சூரியனில், உடல் மண்ணில், அப்போது அந்த மனிதன் எங்கே? யாக்ஞவல்கியர் பதிலைச் சபையில் சொல்லவில்லை. 'கையைக் கொடு, இது நமக்குள் பேச வேண்டியது' என்று தனியே அழைத்துப் போகிறார். அவர்கள் பேசியது வினையைப் பற்றி: நல்வினையால் ஒருவன் நல்லவனாகிறான், தீவினையால் தீயவனாகிறான் என்று. இன்று தெருவில் எல்லார் வாயிலும் இருக்கும் கருமம் என்ற எண்ணம், ஒருகாலத்தில் இருவர் கைகோத்து ஒதுங்கிப் போய்ப் பேசிய ரகசியம்.

ஆக, மறுமைக்கு இரண்டு ஊற்றுகள் என்பது என் முடிவு. ஒன்று, விட முடியாத பாசம். இன்னொன்று, தாங்க முடியாத அநியாயம். தன் சாவைப் பற்றிய பயம் இந்த இரண்டோடும் பிறகு வந்து சேர்ந்துகொண்டது. பெரும்பாலான மனிதர்கள் மறுமையைப் பற்றி உருகிக் கேட்பது தங்களைப் பற்றி அல்ல, கவனித்துப் பாருங்கள். 'அவர் இப்போது எங்கே இருப்பார்' என்று கேட்பார்கள். 'அவனைச் சும்மா விட்டுவிடுவாரா கடவுள்' என்று கேட்பார்கள்.

ஒரு நம்பிக்கை எப்படி வந்தது என்று காட்டிவிட்டால் அது பொய் என்று ஆகிவிடாது. நெருப்பு சுடும் என்று நான் நம்பியது அம்மா அதட்டியதால்தான். அதட்டலுக்குப் பயந்து நம்பினேன் என்பதால் நெருப்பு சுடாமல் போகுமா? அறிவியல் பேசுகிற நண்பர்கள் இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள். மறுபக்கத்தாரும் அவசரப்படுகிறார்கள். 'இவ்வளவு ஆழமான ஏக்கம் வீணாகுமா? பசி என்று ஒன்று இருப்பதாலேயே உணவு என்று ஒன்று இருக்கிறதே' என்பார்கள். அழகான வாதம். ஆனால் பசித்தவனுக்கெல்லாம் உணவு கிடைத்துவிடுவதில்லை. பசியால் இறந்தவர்களும் பசித்தவர்கள்தானே.

அப்படியானால் சான்றுகள்? 1907இல் டங்கன் மெக்டூகல் என்ற மருத்துவர் சாகக் கிடந்த 6 பேரைத் தராசில் வைத்து எடை போட்டதும், அதிலிருந்து ஆன்மாவின் எடை 21 கிராம் என்ற கதை பரவியதும் பேசத் தகுந்தவை அல்ல. மரண விளிம்பு அனுபவங்கள் அப்படித் தள்ளத்தக்கவை அல்ல. நெதர்லாந்தில் பிம் வான் லொம்மல் குழுவினர், இதயத் துடிப்பு நின்று மீண்டு வந்த 344 பேரிடம் பேசி 2001இல் வெளியிட்ட ஆய்வில், 62 பேர், அதாவது 18 விழுக்காட்டினர், அத்தகைய அனுபவத்தைச் சொன்னார்கள்: ஒளி, அமைதி, இறந்துபோன உறவினர்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். பலருடைய வாழ்க்கையே அதன் பிறகு கனிந்திருக்கிறது. சாம் பார்னியா என்ற மருத்துவரின் குழு ஒரு படி மேலே போய், மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி மருத்துவமனை அறைகளில் உயரத் தட்டுகள் அமைத்துப் படங்களை வைத்தது. உடலை விட்டு மேலே மிதந்தவர் உண்மையில் மிதந்திருந்தால் படத்தைச் சொல்ல வேண்டும். 2014இல் வெளியான முடிவில் இதயம் நின்ற 2,060 நிகழ்வுகள் இடம்பெற்றன. படத்தைக் கண்டதாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஒருவர் மட்டும் தன்னைச் சுற்றி நடந்ததைச் சரியாக விவரித்தார். அவர் இருந்த இடத்தில் தட்டு இல்லை. இதற்கு முன் ஆண்டு, ஜிமோ போர்ஜிகின் குழு, இதயம் நின்ற எலிகளின் மூளையில் அடுத்த 30 விநாடிக்குள் ஒழுங்கான அலைகள் திடீரென்று பொங்கியதைப் பதிவு செய்திருந்தது. அணையும் விளக்கு ஒருமுறை ஓங்கி எரிவதுபோல.

முற்பிறவியைச் சொல்லும் குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இயன் ஸ்டீவன்சன் வாழ்நாள் முழுக்கச் சேகரித்தார். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகள். அவருடைய பொறுமைக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் மறுபிறவியை நம்பும் சமூகங்களிலிருந்தே அவை மிகுதியாகக் கிடைத்தன. ஆய்வாளர் போய்ச் சேருமுன் பல நேரம் இரண்டு குடும்பங்களும் சந்தித்துப் பேசியிருந்தன. அந்த அடித்தளத்தின்மேல் இவ்வளவு பெரிய வீட்டைக் கட்ட என் மனம் ஒப்பவில்லை.

ஒருவர் போன பிறகு அவரிடம் எது மிஞ்சும் என்று யோசித்தால் எனக்கு மூளைதான் நினைவுக்கு வருகிறது. தலையில் அடிபட்டவரின் சுபாவம் மாறுகிறது. மறதி நோயில் பெற்ற பிள்ளையின் பெயர் போகிறது, பிறகு முகம் போகிறது. மயக்க மருந்து கொடுத்த இரண்டு மணிநேரம் நமக்கு இல்லவே இல்லை. மூளையின் ஒரு பகுதி போனாலே இவ்வளவு போகிறது. முழுவதும் போனால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று எப்படி நினைப்பது? நான் நம்பாமல் இருப்பதற்கு இதுதான் காரணம், வேறு பெரிய தத்துவம் இல்லை. இறந்தபின் ததாகதர், அதாவது ஞானம் பெற்றவர், இருக்கிறாரா இல்லையா என்று மாலுங்கியபுத்திரர் என்ற சீடர் வற்புறுத்திக் கேட்டபோது புத்தர் பதில் சொல்ல மறுத்தார். நச்சு அம்பு தைத்தவன், எய்தவன் யார், வில் எந்த மரம் என்று தெரியாமல் அம்பை எடுக்க விடமாட்டேன் என்றால் அதற்குள் செத்துப்போவான் என்றார். அந்த மறுப்பில் இருக்கும் கனிவு எனக்கு எந்தப் பதிலையும்விடப் பெரியதாகத் தெரிகிறது.

நம்பாதவர்களிடம் ஒரு வேண்டுகோளும் எனக்கு உண்டு. 1971இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர், வேல்ஸ் நாட்டுப்புறத்தில் துணையை இழந்த 293 பேரிடம் பேசியதை வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப் பேர், இறந்த கணவனோ மனைவியோ அருகில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள். சிலர் குரல் கேட்டிருந்தார்கள், சிலர் கண்ணாலேயே பார்த்திருந்தார்கள். பெரும்பாலோர் அதுவரை அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. கேலி செய்வார்களோ, பைத்தியம் என்பார்களோ என்று. அந்த மருத்துவர் கேட்டார், சொன்னார்கள். அந்த அனுபவம் நோய் அல்ல, பலருக்குத் துணை என்று அவர் எழுதினார். உங்கள் வீட்டில் யாராவது 'நேற்று அவர் வந்தார்' என்று சொன்னால் நரம்பியல் பேசாதீர்கள். 'என்ன சொன்னார்?' என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு 78 வயது. கடைசி வாரம். மருத்துவமனையில் இரவு நான் மட்டும் கூட இருந்தேன். நான் எதையும் நம்புவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக ஒருநாளும் என்னை அவள் கடிந்ததில்லை. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்:

"அம்மாடி, அவனுக்கு என்னை அடையாளம் தெரியுமா?"

யாரை என்று நான் கேட்கவில்லை.

"அவன் போறப்போ எனக்கு முப்பத்தொண்ணு. தலை பூரா கறுப்பு. இப்போ இப்படி ஆயிட்டேனே. கிழவி யாரோன்னு போயிடுவானோ?"

எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்த ஒரு நொடியில் நான் கையில் வைத்திருந்தேன்: ஷியோல், தராசு, எலியின் மூளை எல்லாம். எதுவும் அவளுடைய கேள்விக்குப் பதில் இல்லை. அவள் கேட்டது உலகம் எப்படிப்பட்டது என்று அல்ல. 47 வருஷமாக நெஞ்சை ஓரிடத்தில் வைத்திருக்கிறாள், அது அங்கே பத்திரமாக இருக்குமா என்று கேட்டாள்.

"உன் குரல் மாறவே இல்லையேம்மா," என்றேன். "நீ கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பான்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மெதுவாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், தன் குரலைத் தானே கேட்டுப் பார்ப்பதுபோல.

"ஆமா," என்றாள். "மாறல."